சிக்னல் சித்தப்பா

எல்லாக் குடும்பத்திலும் ஒரு சிக்னல் சித்தப்பா இருக்கிறார். சில வீடுகளில் மாமாவாக இருப்பார், சில வீடுகளில் புதிதாக ஐடி வேலைக்குப் போன தம்பியாக இருப்பார். உறவுமுறைதான் மாறும், குணம் மாறாது. "யாரும் வாட்ஸப்ல பேசாதீங்க" என்று வாட்ஸப்பிலேயே செய்தி போடுவார்.

இவர் அவதாரம் எடுத்தது 2021 ஜனவரியில். அதுவரை ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தவர்தான். அந்த மாதம் வாட்ஸப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தது. நாமெல்லாம் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்தினோம். இவர் படித்துத் தொலைத்தார். ஈலான் மஸ்க் வேறு 'சிக்னலைப் பயன்படுத்துங்கள்' என்று ட்வீட் போட்டுவிட, சித்தப்பா மொத்தக் குடும்பத்தையும் அந்தச் செயலியில் குடியேற்றினார். குவிந்த கூட்டம் தாங்காமல் அடுத்த வாரமே சிக்னல் படுத்துக்கொண்டது. "ரொம்பப் பாதுகாப்புதான்டா, நமக்கே ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்றார் அத்தை.

சித்தப்பாவுக்கு விஷயம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. "வாட்ஸப்பும் பூட்டித்தானே அனுப்புது?" என்று வாயைக் கொடுத்தால் போதும், உபன்யாசம் போல ஆரம்பித்துவிடுவார். "2016லேர்ந்து பூட்டுதான். அந்தப் பூட்டே சிக்னல்காரங்க செஞ்சது. ஆனா யார், யாரோட, எப்போ பேசினாங்கங்கிற கணக்கு? 2014ல ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் குடுத்து வாட்ஸப்பை வாங்கினது தர்மத்துக்கா? வாட்ஸப்பை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தரே வெளிய வந்து சிக்னலுக்கு 5 கோடி டாலர் போட்டிருக்கார், தெரியுமா?" கிளைக்கதையாக வர்ஜீனியா வழக்கு வரும். 2016இல் அமெரிக்க அரசு ஒரு பயனரின் விவரங்களைக் கேட்டபோது, சிக்னலிடம் இருந்தது கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த தேதியும் மட்டும்தான். இந்த இடத்தில் சித்தப்பாவுக்குக் குரல் தழுதழுக்கும்.

டெலிகிராம் என்று யாராவது சொன்னால், "ரகசிய அரட்டைன்னு தனியாத் திறந்தாத்தான் முழுப் பூட்டு. குரூப்புக்கு அதுவும் கிடையாது" என்பார். 2025 செப்டம்பரில் ஊரே 'அரட்டை' செயலிக்குப் பாய்ந்தபோதும், "காலுக்குப் பூட்டு இருக்கு, மெசேஜுக்கு இன்னும் வரலையே" என்றார். அன்றைய நிலவரத்துக்கு அது சரிதான். "தமிழ்ப் பேர் வச்சிருக்கான், அதுலயும் குத்தம் கண்டுபிடிக்கிறியே" என்று குடும்பமே அவரைத் துரோகிப் பட்டியலில் சேர்த்தது.

ஒருநாள் அத்தையை ஃபோனில் பிடித்து, சிக்னலின் பாதுகாப்பு எண்ணைச் சரிபார்க்கச் சொன்னார். மொத்தம் 60 இலக்கம். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாதி வரை பொறுமையாகப் படித்தார். பிறகு கேட்டார்: "ஏன்டா, இத முழுசாப் படிச்சா கேஸ் புக் ஆயிடுமா?"

சிக்னல் குழுவைக் கவிழ்த்தது சாம்பார்ப்பொடி. செய்திகள் படித்த 24 மணி நேரத்தில் தானே அழியும்படி சித்தப்பா வைத்திருந்தார். அத்தை அளவு எழுதி அனுப்பினார், சித்தியும் உடனே படித்தார். மறுநாள் மாலை சித்தி மாவு மில்லில், வறுத்த மிளகாயும் மல்லியும் தூக்குமாக வரிசையில் நின்றபடி ஃபோனைத் திறந்தார். செய்தியைக் காணோம். "அக்கா, மல்லி ஒரு கிலோவா, முக்கால் கிலோவா?" என்று அத்தையை ஃபோனில் அழைத்து மெஷின் சத்தத்துக்கு மேலே அவர் கத்த, அத்தையின் பரம ரகசியம் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வந்த கையோடு சித்தி அளவைக் காலண்டர் அட்டையில் எழுதி மாட்டினார். குடும்பம் வாட்ஸப்புக்குத் திரும்பியது.

சித்தப்பா பாடுபட்டது கம்பியில் ஒட்டுக்கேட்பவனைத் தடுக்க. எங்கள் வீட்டில் விஷயம் கசிவது வாய் வழியாக. அக்காவுக்கு வரன் வந்தபோது, முடிவாகும்வரை சிக்னலில் மட்டும்தான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டார். மாப்பிள்ளை ஃபோட்டோ மதியத்துக்குள் ஸ்கிரீன்ஷாட்டாகி, மாப்பிள்ளை வீட்டுக்கே தெரிந்தவர்கள் இருக்கும் வாட்ஸப் குழுவில் வந்து நின்றது.

2025 மார்ச்சில் அமெரிக்க அமைச்சர்கள் ஏமன் தாக்குதலைப் பற்றி சிக்னலில் பேசியபோது, அந்தக் குழுவில் 'அட்லாண்டிக்' பத்திரிகையின் ஆசிரியரும் இருந்தார். சேர்த்தவர் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்! சித்தப்பாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "பூட்டு மேல தப்பு இல்ல. உள்ள விட்டவன் மேலதான் தப்பு" என்று போவோர் வருவோரிடமெல்லாம் வாதாடினார். "அந்த ஊர்லயும் ஒரு சித்தி இருக்காபோல" என்றார் அத்தை.

ஆனால் அத்தைக்கு ஒருநாள், தெரிந்தவர் எண்ணிலிருந்தே, "தவறுதலாக உங்களுக்கு ஓர் 6 இலக்க எண் வந்திருக்கும், அனுப்புங்கள்" என்று செய்தி வந்தது. அத்தையும் வெள்ளந்தியாக அனுப்பிவிட்டார். கணக்கு பறிபோயிருக்க வேண்டியது, போகவில்லை. என்றைக்கோ அத்தை தூங்கும்போது, சித்தப்பா அவர் வாட்ஸப்புக்கு இரண்டாம் பூட்டாக ஒரு பின் நம்பர் போட்டு வைத்திருந்தார். திருடன் அந்தக் கதவில் முட்டிக்கொண்டு போய்விட்டான்.

அத்தைக்கு அன்று முதல் தம்பி மேல் தனி மரியாதை. "அந்த நம்பர் என்னடா?" என்று கேட்டு வாங்கி, மறந்துவிடக் கூடாதே என்று அதே காலண்டர் அட்டையில், மல்லி ஒரு கிலோவுக்குக் கீழே, கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.