5 வாட் அட்டகாசம்

எங்கள் வீட்டு ஹால் டியூப்லைட்டுக்கே 40 வாட். என் கிட்டார் டியூப் ஆம்புக்கு வெறும் 5. இந்தக் கணக்கைச் சொல்லித்தான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். முதல் கார்டை அடித்ததும் அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றார். “இதுதான் சின்னதாடா?”

காது வாட்டை எண்ணுவதில்லை. 50 வாட்டை 5 ஆக்கினால் சத்தம் பத்தில் ஒரு பங்காகிவிடாது. காதுக்கு ஏறக்குறைய பாதியாகத்தான் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்தப் பாதியே தாராளம்.

அப்புறம் எதற்குச் சின்னது? டியூபை, அதாவது வால்வை, மூச்சுமுட்ட விரட்டினால்தான் அந்தக் கொழுத்த, கரகரத்த ஓசை பிறக்கும். 100 வாட் ஆம்பில் அந்த எல்லையைத் தொடுவதற்குள் அசோசியேஷன் செயலாளர் வந்து காலிங்பெல்லை அழுத்திவிடுவார். (பெல் நமக்குக் கேட்காது என்பது வேறு விஷயம்.) என்னுடையது பழைய ஃபெண்டர் சாம்ப்பைப் பார்த்துச் செய்தது. பவருக்கு ஒரே ஒரு 6வி6 வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர், திருக ஒரே ஒரு நாப். பாதிக்கு மேல் திருகினால் தானாகவே கரகரக்கும். 1970இல் ‘லைலா’ ஆல்பத்துக்கு எரிக் கிளாப்டன் வாசித்ததும் சாம்ப்பில்தான். அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அவங்க வீட்ல மத்தியானம் யாரும் தூங்க மாட்டாங்களா?” என்றார்.

அப்பா மட்டும் என் கட்சி. சுவிட்சைப் போட்டுவிட்டு வால்வு சூடேறக் காத்திருப்பது அவருக்கு இலங்கை வானொலிக் காலம். நாற்காலியை இழுத்துப்போட்டு அது மெல்லச் சிவப்பதை ரசிப்பார். நான் வாசிக்கத் தொடங்கியதும் எழுந்து போய்விடுவார்.

ரெக்கார்டிங் தனிக் கூத்து. மைக்கை ஸ்பீக்கரின் நடுவுக்கு நேராக வைத்தால் ஊசியாய்க் குத்தும். விரற்கடை ஓரமாக நகர்த்தினால் குழையும். அந்த விரற்கடையைத் தேடியே ஞாயிற்றுக்கிழமை கரைந்துவிடும். மின்விசிறி ஓடக்கூடாது. சன்னல் திறக்கக்கூடாது. வால்வு வேறு பக்கத்திலிருந்து அனல் வீசும். இதற்கிடையில் ‘ம்ம்ம்’ என்றொரு ஹம். கிட்டாரில் ஒற்றைக் காயில் பிக்கப் என்பதால், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்துக்கு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோமோ அதைப் பொறுத்து ஹம் கூடும், குறையும். கிட்டாரை மாட்டிக்கொண்டு அறைக்குள் அங்குலம் அங்குலமாகச் சுழன்றேன். தென்கிழக்கு பார்த்து நின்றபோது அடங்கியது. அக்னி மூலை என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் வாஸ்துவோடு எனக்குச் சண்டை இல்லை.

கஃபே கச்சேரிக்கு இதைவிடத் தோதான பெட்டி கிடையாது. ஒரு கையில் ஆம்ப், மறு கையில் கிட்டார், ஷேர் ஆட்டோவிலேயே போய் இறங்கலாம். “மத்த பெட்டியெல்லாம் பின்னாடி வண்டியில வருதா சார்?” என்று முதலாளி வாசலைப் பார்த்தார். இரண்டு மேசையை நகர்த்திய இடம்தான் எனக்கும் டிரம்ஸ் தம்பிக்கும் மேடை. இரண்டாவது பாட்டிலேயே முன்வரிசை ஃபில்டர் காபிக்காரர், கொஞ்சம் குறைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். குறைத்தால் டோன் செத்துவிடும். காபி குடிக்கிறவரிடம் 6வி6 புராணம் பாடுவதும் மரியாதை இல்லை. நாப்பைத் தொடாமல் ஆம்பை மட்டும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். கூர்மை மழுங்கியது, கரகரப்பு அப்படியே இருந்தது. அவரும் நிம்மதியாகக் காபியை ஆற்றினார்.

இடைவேளையில் முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“நல்ல ஐடியா சார். அந்த டிரம்ஸ் தம்பியையும் அப்படியே சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைக்க முடியுமா?”