சாய்ந்தமருதில் ஓர் அயா சோபியா

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்த ஊரில் ஒரு கஸீதா பதிவுசெய்யப் போனாலும், பாடகர் கேட்கும் முதல் கேள்வி சுருதியைப் பற்றியதாக இராது. "எக்கோ நல்லா வருமா காக்கா?" என்றுதான் கேட்பார்.

ஸ்டூடியோ என்றால் பத்துக்குப் பத்து அறை. சுவரில் முட்டைத் தட்டு, யன்னலுக்குக் கம்பளி, மேலே தகரக் கூரை. மழை பெய்தால் வேலை நின்றுவிடும். மேசையில் ஒரு கொம்பியூட்டர், அதற்குள் யாரோ எப்போதோ உடைத்துப் போட்ட எஃப்.எல். ஸ்டூடியோ. இந்த அறைக்குள்ளிருந்துதான் ஹரம் ஷரீபின் விசாலம் வெளியே வரவேண்டும். போதாக்குறைக்கு, இசைக்கருவி கூடுமா கூடாதா என்ற வாக்குவாதத்துக்குப் பயந்து, பலர் வெறும் குரலோடு நின்றுகொண்டார்கள். கருவிகளில் தப் மட்டும் தப்பியது. வயலின் வரிசை நிற்க வேண்டிய இடத்தில் இப்போது நிற்பது ரிவேர்ப், அதாவது பாடகர் கேட்ட அந்த எக்கோ. அது இசைக்கருவியா என்று எந்த மவுலவியும் கேட்டதாக நான் அறியேன். கேட்காத வரைக்கும் தொழில் நடக்கும்.

இது நமக்கு மட்டும் பிடித்த பித்து என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய கட்டடத்தில் ஓசையை அடக்கப் பார்ப்பது, சின்ன அறையில் அதைக் கிளப்பப் பார்ப்பது என்று மனிதன் காலம் முழுக்க இந்த இரண்டு வேலையைத்தான் மாறி மாறிச் செய்துவந்திருக்கிறான். இருந்த இடத்தில் இருந்த ஓசை அவனுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

மிமார் சினானை எடுத்துக்கொள்ளுங்கள். சுல்தான் சுலைமானின் தலைமைக் கட்டடக் கலைஞர். இஸ்தான்புல்லில் சுலைமானியாப் பள்ளியை 1557இல் கட்டி முடித்தவர். குவிமாடத்தின் உச்சி 53 மீட்டர். அவ்வளவு வெறும் வெளிக்குக் கீழே ஓதினால் ஒரு ஆயத்தின் வாலில் அடுத்த ஆயத்தின் தலை ஏறி உட்கார்ந்துகொள்ளும். சினான் குவிமாடத்தின் கட்டுக்குள் வாய் திறந்த மண்பானைகளைப் பதித்தார். பானை ஒவ்வொன்றும் தன் கழுத்துக்கும் வயிற்றுக்கும் ஏற்ற ஒரு சுருதியைப் பிடித்துக்கொள்ளும். நாம் மௌஸைப் பிடித்து 200 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் தோண்டுகிறோமே, அதை அவர் குயவனிடம் சொல்லிச் செய்வித்தார். சுருதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈகியூதான், ஆனால் அப்டேட் கேட்காதது. அந்தப் பானைகள் உண்மையில் எவ்வளவு வேலை செய்தன என்று ஒலியியல்காரர்கள் இன்னும் பிடுங்குப்படுகிறார்கள். பதிவு மென்பொருளுக்குள் செருகும் நம் காலத்து ப்ளகின்களைப் பற்றியும் அதே சண்டைதான்.

சினானைப் பற்றி ஒரு கதை உண்டு. வேலை முடியாத பள்ளியின் நடுவில் உட்கார்ந்து அவர் ஹூக்கா குடிக்கிறார் என்று சுல்தானிடம் கோள் மூட்டினார்களாம். சுல்தான் கொதித்துப்போய் வந்து பார்த்தால், ஹூக்காவில் புகையும் இல்லை, புகையிலையும் இல்லை, தண்ணீர் மட்டும். அந்தக் குடுகுடுச் சத்தம் மூலைக்கு மூலை எப்படிப் போய்ச் சேருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாராம் மனிதர். கதைதான், புகையிலை அந்த நாட்டில் பரவியதே அவர் மவுத்தான பிறகு. இருந்தாலும், சும்மா இருந்து பிடிபட்டபோது முதலாளியிடம் "சவுண்ட் செக்" என்று சொல்லித் தப்பிய முதல் ஆள் என்ற பெருமையை அவருக்கே கொடுத்துவிடலாம்.

அடுத்த அப்பாவி அமெரிக்கர். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தன் புதிய ஃபாக் கலைக்கூடத்தில் ஒரு விரிவுரை மண்டபம் திறந்தது. அதில் ஒரு சொல் பேசினால் அது ஐந்தரை விநாடி சாகாமல் கிடந்தது. அதற்குள் பேராசிரியர் இன்னும் பதினைந்து சொல் பேசியிருப்பார்; மாணவனுக்குக் கிடைத்தது பதினாறும் கலந்த ஒரே சொல். இதைச் சரிபண்ணு என்று வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரின் தலையில் கட்டினார்கள். சபைன் தெருவில் டிராம் ஓய்ந்த பிறகு, இரவில், பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்குவார். ஓர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்துவார். சத்தம் அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பிடிப்பார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போயாக வேண்டும். காலையில் தியேட்டர்க்காரன் வந்துவிடுவான்.

ஒரு கட்டத்தில் அளவுகள் உதைக்கத் தொடங்கின. கடைசியில் பார்த்தால் குற்றவாளி அவருடைய உடுப்பு. நாளுக்கொரு சட்டை போட்டுவந்ததில், துணி குடித்த ஓசை நாளுக்கு நாள் மாறியிருக்கிறது. ஆயிரக்கணக்கான அளவுகளைத் தூக்கி எறிந்துவிட்டு, அதன்பிறகு ஒரே கோட், ஒரே காற்சட்டை, ஒரே சப்பாத்து என்று வேலையைத் தொடர்ந்தார். கலியாண வீட்டு ஃபோட்டோ எடுக்கவா போனார், மாற்றி மாற்றி உடுக்க? இத்தனை பாட்டுக்கும் கிடைத்த சூத்திரம் எளியது: அறை பெருத்தால் முழக்கம் நீளும், துணியும் மெத்தையும் மனிதரும் கூடினால் குறையும். ரிவேர்ப் ப்ளகினில் 'சைஸ்', 'டேம்பிங்' என்று இருக்கும் குமிழ்களைத் திருப்பும்போது, சபைன் தோளில் சுமந்த மெத்தைகளைத்தான் நீங்கள் அங்குமிங்கும் நகர்த்துகிறீர்கள்.

அன்று வியாதியாக இருந்தது ஐம்பது வருசத்தில் மருந்தானது. மைக் வந்தது, ஸ்டூடியோச் சுவரெல்லாம் துணி போர்த்தினார்கள், ஓசை செத்துப்போனது. இப்போது செத்ததை எழுப்ப வேண்டும். 1947இல் சிகாகோவில் பில் புட்னம் என்பவர் ஹார்மோனிக்கட்ஸ் என்ற மவுத் ஓர்கன் குழுவைப் பதிவுசெய்தபோது, குளியலறைக்குள் ஒரு ஸ்பீக்கரையும் ஒரு மைக்கையும் வைத்து, அங்கே எழும்பிய முழக்கத்தைப் பாட்டோடு கலந்தார். பாட்டு அமெரிக்காவில் முதலிடம். குளியலறையில் பாடினால் குரல் தேன் என்பது மருதமுனையிலும் நிந்தவூரிலும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குப் பில் போட்டு விற்றவர் பில் புட்னம்.

குளியலறை எல்லாருக்கும் வாய்க்குமா? ஜெர்மன்காரர்கள் 1957இல் இரண்டு மீட்டர் நீள எஃகுத் தகடு ஒன்றைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஒரு பக்கம் அதிரவைத்து, மறுபக்கம் அந்த அதிர்வைப் பிடித்தார்கள். இ.எம்.டி. 140 என்று பெயர். கிட்டத்தட்ட 270 கிலோ. அதற்கு முன்பே ஹம்மண்ட் என்பவர் தன் ஓர்கனுக்குள் ஸ்பிரிங்கை வைத்திருந்தார். பெட்டியை உதைத்தால் இடி இடிக்கும். 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் மன்ஃப்ரெட் ஷ்ரோடர், தகடும் வேண்டாம் ஸ்பிரிங்கும் வேண்டாம், கணக்கே போதும் என்று காட்டினார். ஒலியைத் தாமதப்படுத்தித் தாமதப்படுத்தி அதன்மேலேயே திரும்ப ஊற்றும் கணக்கு. அதைப் பெட்டிக்குள் அடைத்து 1976இல் விற்பனைக்கு விட்ட இ.எம்.டி. 250இன் விலை சுமார் 20,000 டொலர். மேலே நெம்புகோல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இன்று அதன் நகலைத் திரையில் போட்டு, அந்த நெம்புகோலையும் படமாக வரைந்து, நிழல்கூட விழுத்திக் கொடுக்கிறார்கள். நிழலுக்கும் சேர்த்துத்தான் காசு.

ஈகியூவின் வம்சம் இதைவிட எளியது. டெலிபோன் கம்பி நீள நீளக் கூர்மையான ஓசைகள் தேய்ந்துபோகும். தேய்ந்ததை மேலே தூக்கிச் சமப்படுத்தும் சாதனத்துக்கு ஈக்குவலைசர், அதாவது சமப்படுத்தி என்றே பெயர் வைத்தார்கள்; அதன் சுருக்கம்தான் ஈகியூ. 1951இல் அமெரிக்காவில் பல்டெக் நிறுவனம் ஒரு ஈகியூ செய்து, கீழ்ச் சுருதியைக் கூட்டும் குமிழையும் குறைக்கும் குமிழையும் ஒன்றாகத் திருப்ப வேண்டாம் என்று கைநூலில் சொன்னது. உலகத்து இன்ஜினியர்கள் எல்லாரும் முதல் வேலையாக அதைத்தான் செய்தார்கள். அடி கனத்து, அதற்குச் சற்று மேலே துப்புரவாகி, அருமையாக ஒலித்தது. எழுபது வருசமாக இந்தக் கீழ்ப்படியாமைக்கு 'பல்டெக் டிரிக்' என்று மரியாதை.

நம் கரைக்கு ஈகியூ வந்தது விமானத்தில். எண்பதுகளில் சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் வந்து இறங்கிய கேசட் செட்டுகளின் நெற்றியில் ஐந்து தள்ளுகுமிழ்கள் இருந்தன. இரண்டு ஓரத்தையும் மேலே தள்ளி, நடுவைக் கீழே இழுத்து வைப்பதுதான் ஊர் வழக்கம். ரெக்கோர்டிங் பாரிலும் அப்படித்தான், கலியாண வீட்டிலும் அப்படித்தான். மனிதக் குரல் இருப்பதோ நடுவில். பாலைவனத்தில் வெயில் குடித்து உழைத்த காசில் செட் வாங்கி, பாடுகிறவனின் கழுத்தைப் பிடித்து அமுக்கி வைத்திருந்தோம்.

பள்ளிக் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அதற்கு நேர்மாறு. அடியும் தெரியாது, நுனியும் தெரியாது; நடு மட்டும் கத்தும். நாகூர் ஹனீபாவின் குரல் அந்தக் குழாய்க்கென்றே அளவெடுத்தது. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் அவருடைய பாட்டைப் போட்டால் கடலுக்கே எடுபடும். ரிவேர்ப்பும் இலவசம்: ஓசை விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் ஓடும், ஆகவே 170 மீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த குழாய் அரை விநாடி பிந்தித்தான் உங்கள் காதுக்கு வரும். மஃரிபுக்குப் பிரதான வீதியில் நின்று பாருங்கள். ஒரு பள்ளியின் பாங்கு பாதியில் இருக்கும்போது அடுத்தது தொடங்கும், அதற்குள் மூன்றாவது. பல லட்சம் செலவழித்தாலும் ஸ்டூடியோவில் இப்படி ஒரு டிலே கிடைக்காது.

கதை இனிக் கொம்பியூட்டருக்குள் போகிறது. 1990களின் தொடக்கத்தில் க்யூ10 என்று ஒரு ஈகியூ வந்தது. விற்பனைக்கு வந்த முதல் ஒலி ப்ளகின் என்று பெயரெடுத்தது. செய்தவர்கள் டெல் அவிவில் இருக்கும் வேவ்ஸ் நிறுவனத்தார். இங்கேதான் நம் கரைக்குத் தர்மசங்கடம். இஸ்ரேல் சாமான் வாங்க வேண்டாம் என்று ஜும்ஆ முடிந்து துண்டுப்பிரசுரம் கொடுத்த அதே பொடியனின் கொம்பியூட்டரில் வேவ்ஸ் பண்டல் முழுசாகக் கிடக்கும். கேட்டால் பதில் தயார்: "நாங்க எங்க காக்கா வாங்கின?"

1996இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் தன் கியூபேஸ் மென்பொருளுடன் வி.எஸ்.டி. முறையைக் கொண்டுவந்து, யாரும் ப்ளகின் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. எழுதியவர்களில் எனக்குப் பிடித்தவர் 'ஜெசார்' என்ற பெயரில் வந்தவர். 2000இல் ஃப்ரீவேர்ப் என்ற ரிவேர்ப்பை எழுதி, உரிமை எதுவும் வேண்டாம் என்று ஊருக்கே விட்டுவிட்டார். எட்டு சீப்பு வடிகட்டி, நாலு வேறு வகை வடிகட்டி. ஷ்ரோடர் காட்டிய வழிதான். இன்றும் எத்தனையோ இலவச மென்பொருள்களுக்குள் அதுதான் முழங்குகிறது. மனிதருக்கு இது எப்பேர்ப்பட்ட சதகா ஜாரியா!

பிறகு வந்தது கட்டடத்தையே களவெடுக்கும் வித்தை. ஒரு மண்டபத்தில் பலூனை உடைத்து, அந்த 'டப்' அடங்கும் வரை பதிவுசெய்துகொண்டால், எந்தக் குரலையும் அந்த மண்டபத்துக்குள் பாடியதாக மாற்றலாம். 2001இல் ஆல்ட்டிவேர்ப் இதை ப்ளகினாக்கியது. 2010இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் இஸ்தான்புல்லின் அயா சோபியாவுக்குள் பலூன் உடைத்தார்கள். அப்போது அது அருங்காட்சியகம். உள்ளே பாட விடமாட்டார்கள், பலூனுக்குத் தடையில்லை. முழக்கம் பத்து விநாடிக்கு மேல். அதை வைத்து அமெரிக்கப் பாடகர் குழு ஒன்று, அங்கே கால் வைக்காமலே அங்கே பாடியதாக 2019இல் ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. 2020இல் அயா சோபியா மறுபடி பள்ளிவாசலானது. சாய்ந்தமருதில் நாம் என்ன செய்கிறோம்? ஸலவாத்துக்கு 'கதீட்ரல்' பிரிசெட்டைப் போடுகிறோம். அதன் தமிழ் தெரிந்தால் பாதிப் பாடகர்கள் தௌபாச் செய்வார்கள்.

இனி நடப்பு. இந்த உரையாடல் கரை முழுக்க ஒன்றுதான்.

"காக்கா, இன்னும் கொஞ்சம் எக்கோ போடுங்க."

"இப்பவே நாலு செக்கன் இரிக்கி தம்பி. நீ என்ன பாடின எண்டு எனக்கே விளங்கல்ல."

"விளங்காட்டியும் பரவால்ல காக்கா, ஒரு பயபக்தி வரணும்."

காக்காமாருக்கு என் சிபாரிசு இதுதான். ஈகியூவுக்கு ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். எஃப்.எல். ஸ்டூடியோவின் பாராமெட்ரிக் ஈகியூவும் ரீப்பரின் ரீஈகியூவும் குரலுக்குத் தாராளம். ஃபேப்ஃபில்டர் பார்க்க அழகு, வேலை அதே வேலை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், அங்கே ஃபேனும் முச்சக்கர வண்டியும்தான் இருக்கின்றன. முட்டைத் தட்டு கீழ்ச் சுருதியைப் பிடிக்காது. ஆகவே 200 முதல் 400 வரை அறையின் ஊத்தை தேங்கி நிற்கும், அதில் கொஞ்சம் குறையுங்கள். கூட்டுவதற்கு முன் குறைத்துப் பாருங்கள்.

ரிவேர்ப் இரண்டு போதும். ஒன்று கிட்டத்துக்கு, ஒன்று தூரத்துக்கு. இலவசமாக வேண்டுமென்றால் டிராகன்ஃப்ளை இருக்கிறது. காசு கொடுப்பதென்றால் வல்ஹல்லாவின் 50 டொலர் ரிவேர்ப்புகளில் ஒன்று. உடைத்த பிரதிகளைக் கழற்றி எறியுங்கள். மார்க்கப் பிரச்சினை ஒருபுறம், கூடவே வரும் வைரஸ் மறுபுறம். ரிவேர்ப்பைக் குரலின் மேல் நேரே போடாமல் தனி சென்டில் போட்டு, அதற்கு முன்னால் ஒரு ஈகியூ வைத்து 600க்குக் கீழும் 10,000க்கு மேலும் வெட்டுங்கள். லண்டன் ஏபி ரோட்டில் செய்த பழைய வேலை இது. ப்ரீ-டிலே 30 மில்லி செக்கன் கொடுத்தால் சொல் முன்னால் நிற்கும், முழக்கம் பின்னால் வரும். நீளம் ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு விநாடி. அதற்குமேல் போனால் ஹாவும் ஐனும் ஸ்வாதும் ஒன்றையொன்று விழுங்கும். ஓசை கூடும், பொருள் போய்விடும்.

பாடுகிறவர் உங்கள் மச்சானாக இருந்தால் மட்டும் நாலு விநாடி போட்டுக் கொடுத்துவிடுங்கள். குடும்பத்துக்குள் பிரச்சினை எதற்கு?