பழம்பொதி இயல்: வடசென்னை அலுவலகக் கணினிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பழம்பொதி என்பது, தலைமை அலுவலகம் புதிய பதிப்பை அனுப்பிய பிறகும் கிளைக் கணினி விடாப்பிடியாக நிறுவிக்கொண்டிருக்கும் பழைய மென்பொருள் பேக்கேஜ். ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கப்பல் முகவர், சுங்கத் தரகர், சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலைய) அலுவலகங்களில் இதற்குத் தனி நோய் என்ற மரியாதை கிடைத்ததில்லை. "சிஸ்டம் சரியில்ல சார்" என்ற பெருந்தொகுதிக்குள் பிரின்டர் கோளாறோடும் கரண்ட் கட்டோடும் சேர்ந்து இதுவும் கிடக்கிறது.

வாழிடம்: மைக்ரோசாஃப்ட்டின் கான்ஃபிகரேஷன் மேனேஜர் நிர்வகிக்கும் ஒவ்வொரு கணினியிலும், விண்டோஸ் ஃபோல்டருக்குள், இறக்கிய பொதிகளை வைக்க 'சிசிஎம்கேஷ்' (சுருக்கமாகக் கேஷ்) என்றொரு கிடங்கு உண்டு. இயல்பான கொள்ளளவு 5120 எம்.பி. உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கு 1, 2, 3 என்று பெயர். 9 முடிந்ததும் ஏ, பி என்று போகும். எதற்குள் எது இருக்கிறது என்று பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த விவரம் கணினியின் உள்பதிவேட்டில் தனியாக இருக்கிறது. இந்த இயலின் சிக்கலில் ஒரு பகுதி இந்தப் பிரிவினையில்தான் தொடங்குகிறது.

வகை: பழமை மூவகைப்படும். முதலாவது மூலப்பழமை. நிர்வாகி மூல ஃபோல்டரில் புதுக் கோப்பைப் போட்டுவிட்டு, கணினிகளுக்குப் பேக்கேஜ் வழங்கும் விநியோக முனைகளைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுக்காமல் டீ குடிக்கப் போய்விடுவார். பேக்கேஜின் பதிப்பு எண் ஏறாது. எண் ஏறாத பேக்கேஜைக் கணினி திரும்பிக்கூடப் பார்க்காது. இரண்டாவது வழிப்பழமை. புதியது கிளம்பிவிட்டது, கிளையின் விநியோக முனைக்கு இன்னும் வந்து சேரவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது இல்லப்பழமை. எல்லாம் வந்து சேர்ந்தாயிற்று, சேதி மட்டும் கணினிக்குப் போகவில்லை. கணினி சர்வரிடம் புது உத்தரவு கேட்பது, மாற்றி அமைக்காதவரை, 60 நிமிடத்துக்கு ஒரு முறைதான்.

மருத்துவ மரபுகள்: ரீஸ்டார்ட் மரபினர் எண்ணிக்கையில் அதிகம். ஆனால் கேஷ் இருப்பது ஹார்டு டிஸ்க்கில். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது அங்கேயே இருக்கும். டெலீட் மரபினர் துணிச்சல்காரர்கள். ஃபோல்டரைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் கையால் அழித்துவிடுவார்கள். பொதி போய்விடும், பதிவேட்டு வரி போகாது. இருப்பதாக எழுதியிருக்கும் கோப்பைத் தேடிக் கணினி அலையும். முன்பு பழையதையாவது நிறுவிக்கொண்டிருந்தது, இப்போது அதுவும் நின்றுபோகும். கன்டெய்னரை யார்டிலிருந்து தூக்கிவிட்டு, பதிவில் அப்படியே விட்டால் கேட்டில் என்ன நடக்குமோ அதுதான் இது.

ஒப்பியல்: இந்த விஷயத்தில் துறைமுகம் கணினியைவிட முன்னேறியது. இறக்கிய சரக்கை 30 நாளுக்குள் எடுக்காவிட்டால், இறக்குமதியாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, சுங்க அதிகாரியின் அனுமதியோடு விற்கலாம் என்கிறது 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு. கேஷில் இருப்பதற்கு அப்படிக் கெடு கிடையாது. இடம் போதாமல் போகும்போதுதான் பழையது கழியும். அப்போதும், கடந்த 24 மணி நேரத்தில் பயன்பட்டதும் நிரந்தரமாக வைக்கக் குறியிட்டதும் கழியாது. ஆனால் சட்டம் இருந்துவிட்டால் சரக்கு நகர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2015-இல் பறிமுதலான அம்மோனியம் நைட்ரேட், ஏறத்தாழ 700 டன், மணலியில் 37 கன்டெய்னர்களில் கிடந்தது. அது ஐதராபாத்துக்குக் கிளம்பியது 2020 ஆகஸ்டில், பெய்ரூட் துறைமுகம் அதே வகைச் சரக்கால் வெடித்துச் சிதறிய பிறகு.

சிகிச்சை: முதலில் சர்வரில் பதிப்பு எண் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, அந்த எண் கிளையின் விநியோக முனைக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, கணினியின் கன்ட்ரோல் பேனலில் கான்ஃபிகரேஷன் மேனேஜரைத் திறந்து, புது உத்தரவை உடனே வாங்கச் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் மசியாவிட்டால், அங்கேயே கேஷ் பகுதியில் உள்ள 'டெலீட் ஃபைல்ஸ்' பொத்தானை அழுத்தலாம். பொதியையும் பதிவையும் அது சேர்த்தே நீக்கும். நிரந்தரக் குறியிட்டவையும் போக வேண்டுமென்றால் அதற்கான கட்டத்தில் டிக் போட வேண்டும்.

முடிவு: மூலப்பழமைக்குக் கிளைக் கணினியில் மருந்து இல்லை. சர்வரில் எண் ஏறாதவரை, காலி செய்த கேஷில் மறுபடி வந்து உட்காருவதும் அதே பழம்பொதிதான். ஆகவே சிஸ்டம் ஆட்கள் முதலில் எண்ணைப் பார்க்கவும். டெலீட் பொத்தான் எங்கேயும் ஓடிப்போகாது.