கழித்தல் என்பது யாதெனின்

பொழுதைக் கழிக்கிறோம். திருஷ்டி கழிக்கிறோம். பழசாய்ப்போன தட்டுமுட்டுச் சாமான்களைக் கழித்துக் கட்டுகிறோம். ஒன்பதில் நான்கையும் கழிக்கிறோம். முதல் மூன்றில் மிச்சம் என்னவென்று எவரும் கேட்பதில்லை. நான்காவதில் மட்டும் கேட்கிறார்கள்; தப்பாகச் சொன்னால் முட்டி போட வைக்கிறார்கள். இந்த ஓரவஞ்சனையின் மூலத்தை ஆராயப் புகுந்தது இக்கட்டுரை. ஆய்வுக்களம், எங்கள் சமையலறை. ஆய்வுக்கருவி, இட்லி. ஆய்வுக்கு உட்பட்டவன், என் அக்காவின் ஏழு வயது மகன்.

“தட்டில் எட்டு இட்லி. மூன்றைத் தின்றுவிட்டாய். மிச்சம்?”

“அஞ்சு” என்றான், மாமாவை இளக்காரமாகப் பார்த்து.

“உன் அக்காவுக்கு எட்டு, உனக்கு மூன்று. அவளுக்கு எத்தனை கூட?”

“எட்டு” என்றான். முகத்தில் அநியாயம் இழைக்கப்பட்டவனின் துயரம்.

“மூன்று சாப்பிட்டாச்சு. எட்டு முடித்தால்தான் விளையாட விடுவேன். இன்னும் எத்தனை?”

விரலை மடக்கி நாலு, அஞ்சு, ஆறு என்று ஏறிக்கொண்டே போய், மடங்கிய விரல்களை எண்ணி, “அஞ்சு” என்றான். யாரும் சொல்லித் தராமலே கழித்தலைக் கூட்டலால் போட்டுவிட்டான் என்க.

இதனால் பெறப்படுவது: எடுத்தல், ஒப்பிடுதல், நிரப்புதல் ஆகிய மூன்றும் வேறு வேறு தொழில்கள். மூன்றுக்கும் கூலி ஒன்றே, அதாவது ஐந்து. 1489-இல் லைப்சிக் நகரில் யோஹன்னஸ் விட்மன் வெளியிட்ட வணிகக் கணக்கு நூலிலேயே கூட்டல் குறியும் கழித்தல் குறியும் வந்துவிட்டன. அந்தச் சின்னக் கோட்டின் தலையில்தான் மூன்று வேலையையும் நாம் சுமத்தியிருக்கிறோம். வகுப்பறையிலோ முதலாவதை மட்டுமே சொல்லித் தருகிறோம். அக்காவின் பன்னிரண்டு வயதிலிருந்து தம்பியின் ஏழு வயதை எடுத்துவிட்டால் அவள் மறுபடி பால்வாடிக்குப் போவாளா என்று பிள்ளை கேட்டால், அது குறும்பு அன்று, நியாயமான ஐயம்.

அஃதிருக்க, ‘போகாது’ என்னும் பெருஞ்சிக்கலுக்கு வருவோம். 52-இல் 38 போக வேண்டும். “ரெண்டுல எட்டு போகாது, பக்கத்து வீட்டுல கடன் வாங்கு” என்கிறார் ஆசிரியர். கேட்பது ஒன்று, வாசற்படி தாண்டி வரும்போது அது பத்து. திருப்பித் தருவது? பூஜ்யம். தமிழ்க் குழந்தைக்கு நாம் முதன்முதலில் கற்பிக்கும் நிதி ஒழுக்கம் இதுவே. கழித்தலுக்கும் கடனுக்கும் உள்ள உறவு பழையதுதான். 628-இல் பிரம்மகுப்தர் நேர் எண்ணைத் தனம் என்றும் எதிர் எண்ணை ருணம் என்றும் வைத்து விதிகள் எழுதினார். ருணம் என்றால் கடன். ஆனால் அவர் அதைக் கணக்கில் ஒழுங்காகக் காட்டினார்.

1000-இல் 437 இன்னும் மோசம். பக்கத்து வீடும் காலி, அடுத்த வீடும் காலி. மூன்றாம் வீட்டில் ஒன்று வாங்கிக் கைமாற்றிக்கொண்டே வருகிறார்கள். இடையிலுள்ள ஒவ்வொரு வீடும் பத்தை வாங்கி ஒன்றைத் தள்ளிவிட்டு ஒன்பதைத் தானே வைத்துக்கொள்கிறது. இவ்வளவு தரகு எந்தச் சந்தையிலும் கிடையாது. 999-இல் 437-ஐக் கழித்து 562, அதோடு ஒன்று 563 என்று முடித்திருந்தால் தெருவே நிம்மதியாக இருந்திருக்கும்.

அற்றேல், கடன் வாங்கியவர் திருப்பித் தரும் முறையே இல்லையோ எனின், உண்டு. மேல் வரியின் ஒன்றுகளில் பத்தைச் சேர்த்தால் கீழ் வரியின் பத்துகளில் ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். பழைய 52, 38 கணக்கையே எடுத்தால், 12-இல் 8 போக 4, ஐந்தில் நான்கு போக 1, விடை 14. இரு பக்கமும் ஒரே அளவு ஏறினால் வித்தியாசம் அசையாது. பிரிட்டிஷ் பள்ளிகளில் பல தலைமுறை இப்படித்தான் போட்டது. நம் ஊரில் இதற்குப் பேராசிரியர் பஸ் கண்டக்டர். டிக்கெட் 17 ரூபாய், இருபதை நீட்டுகிறோம். “ரெண்டு ரூபா இருக்கா?” என்று வாங்கிக்கொண்டு ஐந்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறார். 20-இல் 3 போனாலும் 17. 22-இல் 5 போனாலும் 17. கூட்டத்தில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு செய்கிறார், கரும்பலகை கேட்பதில்லை. மளிகைக்கடை அண்ணாச்சியும் கழிப்பதில்லை. 63 ரூபாய்க்கு நூறு கொடுத்தால் “அறுபத்தஞ்சு, எழுபது, எண்பது, நூறு” என்று ஏறுகிறார். மருமகன் விரல் மடக்கிய அதே வழி. முப்பத்தேழு என்ற சொல் அவர் வாயில் வருவதே இல்லை. நம் கையில்தான் வருகிறது.

நிரப்புதலுக்கு அண்ணாச்சி இருக்க, ஒப்பிடுதலுக்கும் ஒரு வழி இராதா என்று துணிந்து, தோற்றுப்போன இரண்டாம் கேள்வியை ஜோடி சேர்க்கும் முறையில் மாற்றினேன். இம்முறை தட்டுகளும் நிஜம்.

“அக்கா தட்டில் எட்டு, உன் தட்டில் மூன்று. இருவரும் ஆளுக்கு ஒன்றாக ஒரே நேரத்தில் சாப்பிட்டு வருகிறீர்கள். உன் தட்டு காலியாகும்போது அவளிடம் எத்தனை இருக்கும்?”

யோசித்தான். “அஞ்சு.” ஆய்வு வென்றது என்று நிமிர்ந்தேன். “அதுல ரெண்டு கடன் வாங்கிப்பேன்” என்றான்.

அக்காக்காரி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“போகாது” என்றாள்.