கேட்காமல் பூசிய பவுடர்

செஞ்சி பக்கம் மேல்சித்தாமூர்ச் சமணக் கோயில் தேருக்குப் போய் நானூற்றுச் சொச்சம் படம் ரா ஃபைலாக எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் கணினியில் போட்டால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. 'இந்தக் கேமராவுக்கு ஆதரவு இல்லை' என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி மட்டும் வந்து நின்றது. கேமராவுக்கு மாதத் தவணை கட்டுகிறேன். சாஃப்ட்வேருக்கு மாத வாடகை கட்டுகிறேன். பணம் வாங்கும்போது இரண்டு பேரில் ஒருவரும் மற்றவரைத் தெரியாது என்று சொல்லவில்லை.

ரா ஃபைல் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: கேமரா தானே தயாரித்துத் தரும் ஜேபெக் படம் சோறு. உப்பு கம்பெனிக்காரன் போட்டது, குழைத்ததும் அவன். ரா என்பது நெல். சென்சாரில் விழுந்த வெளிச்சத்தை அப்படியே அளந்து எழுதிய கணக்கு. 14 பிட் ராவில் ஒரு புள்ளியின் வெளிச்சத்துக்கு 16,384 படிகள். ஜேபெக்கில் நிறத்துக்கு 256தான். நம் நெல்லை நம் பக்குவத்துக்குப் பொங்கிக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் இந்த விலைக்கு விற்றார்கள். மூட்டையை இறக்கிய பிறகு, "இந்த ரகம் எங்க மிஷினுக்கு ஒத்துவராது" என்கிறான் மில்காரன். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல்லுக்கு ஈரப்பதம் பார்ப்பவர் முன்னால் ஒரு விவசாயி நிற்பாரே, அந்த நிற்பு நின்றேன். அங்கேயாவது திட்டுவதற்கு எதிரே ஒரு ஆள் இருப்பார்.

ஒத்துவராமல் போவது தற்செயல் என்று நினைத்தால் நீங்கள் நல்லவர். 2005இல் நிக்கான் தன் டி2எக்ஸ் கேமராவின் ஃபைலில், வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கணக்கை மட்டும் சங்கேதத்தில் பூட்டி வைத்தது. ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோல் வெளிப்படையாகவே கொதித்தார். படம் உன்னுடையது, உழைப்பு உன்னுடையது, அதன் நிறம் மட்டும் கம்பெனி ரகசியம்! 2018இல் கேனான் சிஆர்3 என்று புது வடிவம் கொண்டுவந்தது. டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் அதைத் திறக்க ஏறக்குறைய நான்கு ஆண்டு பிடித்தது. அந்த மென்பொருளைச் செய்கிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கம்பெனி விவரம் தராததால், உலகம் முழுக்க கேமரா வைத்திருப்பவர்களிடம் "ஒரு மாதிரிப் படம் எடுத்து அனுப்புங்க" என்று கேட்டு வாங்கி, ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பார்த்துப் பூட்டைத் திறக்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக டிஎன்ஜி என்று ஒரு வடிவத்தை அடோபி 2004லேயே வெளியிட்டது. லைக்காவும் பென்டாக்ஸும் எடுத்துக்கொண்டன. கேனான், நிக்கான், சோனி மூவரும் இன்றுவரை அந்தப் பந்தியில் உட்காரவில்லை.

பொதுவழி போட்ட அடோபியைப் புண்ணியவான் என்று கும்பிட்டுவிட வேண்டாம். லைட்ரூம் 6 என்று 2015இல் மொத்தப் பணத்துக்கு விற்றது. 2017 டிசம்பரோடு புதுப்பிப்பை நிறுத்தியது. அதற்குப் பின் வந்த கேமராவின் ராவை அது நேராகத் திறக்காது. டிஎன்ஜியாக மாற்றிக் கொண்டுவா, இல்லையென்றால் மாத வாடகைக்கு வா. சொந்த வீடு என்று சொல்லி விற்றுவிட்டு, வாசல் கதவுக்குத் தினுசு தினுசாய்ப் பூட்டு மாட்டிய கதை.

இப்போது நான் எப்படித் திறந்தேன் என்பதைச் சொல்கிறேன். வெட்கக்கேடு, ஆனாலும் சொல்கிறேன். ஃபைலுக்குள் கேமராவின் பெயர் எழுதியிருக்கும். சாஃப்ட்வேர் வாசலில் நின்று முதலில் பார்ப்பது அதைத்தான். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் ஒரே வரிக் கட்டளையில் அந்தப் பெயரை அழித்துவிட்டு, இதே கம்பெனியின் முந்தின மாடல் பெயரை எழுதினேன். நானூறும் பொலபொலவென்று திறந்தன! எல்லாக் கேமராவுக்கும் இது நடக்காது; என்னுடையதில் இருப்பது பழைய மாடலின் அதே சென்சார். சதையும் ரத்தமும் ஒன்று, பெயர்ப்பலகைதான் வேறு. வாடகைக்கு வீடு கேட்டுப் போய், "நீங்க எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்ற கேள்விக்கு முன்னால் நின்றவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

திறந்ததும் அடுத்த கூத்து. நான் ஒரு பொத்தானையும் தொடவில்லை. அதற்குள் சாஃப்ட்வேர் திருத்த ஆரம்பித்துவிட்டது. டிஃபால்ட்டாம். அகன்ற லென்ஸில் எடுத்தால் நேர்க்கோடு வெளியே பிதுங்கும். அதை நிமிர்த்தும் கணக்கைக் கேமராவே ஃபைலுக்குள் எழுதி வைத்திருக்கிறது. சாஃப்ட்வேர் அதைப் படித்து ஒருமுறை நிமிர்த்தியது. பிறகு தன் கையிருப்பில் உள்ள லென்ஸ் பட்டியலைப் பார்த்து இன்னொரு முறை நிமிர்த்தியது. பார்சுவநாதர் கோயில் ராஜகோபுரம் இடுப்பில் உதை வாங்கினவன்போல் உள்ளே குழிந்து நின்றது. லென்ஸ் கரெக்‌ஷனை எடுத்துவிடலாம் என்று போனால், இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. மற்றதற்கு அருகே 'ஏற்கெனவே சேர்க்கப்பட்டது' என்ற குறிப்பு. தொட முடியாது. அதே ஊர் மலைநாதர் கோயில் பாறைச் சிற்பங்களில் சொரசொரப்பை எல்லாம் 'நாய்ஸ்' என்ற புள்ளிக் கறை என்று எண்ணி வழித்து எடுத்திருந்தது. உளிபட்ட கல், சோப்புக்கட்டிபோல் வழவழவென்று இருந்தது.

கோபுரமும் கல்லும் பேசாது. ஆயா பேசினார்.

தேரோட்டத்தன்று வடத்துக்கு ஒதுங்கி, வேகவைத்த மல்லாட்டையை டப்பாவில் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். நல்ல கறுப்பு. வெயிலில் நின்று நின்று நெற்றியில் மட்டும் ஒரு செம்பு மினுக்கம். "எடுத்தியே, ஒண்ணு கழுவி எடுத்தா" என்றார். செஞ்சியில் ஒரு ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டு எடுத்துப் போனேன். வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது யாரு தம்பி?"

சாஃப்ட்வேர் தன் பங்குக்கு நிழலை எல்லாம் தூக்கிவிட்டிருந்தது. ஸ்டூடியோக்காரர் தன் பங்குக்குச் சுருக்கத்தை அழித்து, மாவு பூசி, உதட்டுக்குச் சிவப்பும் கொடுத்திருந்தார். யார் கேட்டார்கள் என்றேன்.

"கறுப்பா வுட்டா கஸ்டமர் திட்டுவாங்க சார். நாங்க எல்லாருக்கும் டிஃபால்ட்டா ஒரு கோட்டிங் குடுத்துருவோம்."

இந்தக் கோட்டிங் செஞ்சியில் பிறந்ததல்ல. கோடாக் கம்பெனி 1950களிலிருந்து லேப்களுக்கு ஓர் அளவு அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக விழுந்தால் நிறம் சரி. மற்றவர்கள் பல்லும் கண்ணும் மட்டும் தெரிய இருட்டில் நின்றார்கள். பிறகு கறுப்புக்கும் பழுப்புக்கும் கம்பெனி கொஞ்சம் இறங்கி வந்ததே, யாருக்காக? மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் விற்பவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு விளம்பரப் படத்தில் சரியாக விழவில்லை என்று புகார் சொன்ன பிறகு. மனுஷன் தோலுக்கு இல்லாத மரியாதை மேஜைக் காலுக்குக் கிடைத்தது. அந்த அட்டை போய்விட்டது என்கிறீர்களா? நம் போனில் 'பியூட்டி' என்ற பெயரில் குடியிருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் மாமியார், மருமகள், சமையல்காரர் எல்லாரும் ஒரே மாவில் பிசைந்த இடியாப்பம். பெண்ணைப் பெற்றவர்களே ஸ்டூடியோவில் நின்று, "கொஞ்சம் கலர் ஏத்துங்க" என்கிறார்கள். நம் வெட்கத்துக்கு நாமே காசு கொடுத்து ரசீது வாங்குகிறோம்.

ஊர்களுக்கும் இதே வைத்தியம்தான். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சி. எந்தப் பெயரில்? மராத்தியர் ராணுவ நிலப்பரப்பு. பன்னிரண்டு கோட்டைகள், பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. மராத்தியர் கையில் செஞ்சி இருந்தது 1677 முதல் 1698 வரை, 21 வருஷம். கோனார்கள், நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரர்கள், முகலாயர்கள், 1714இல் சண்டையில் செத்த தேசிங்கு, பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன் எல்லாரும் ஒரே டிஃபால்ட்டுக்குள் அடங்கிவிட்டார்கள். கோட்டைக்குப் பல நூற்றாண்டு மூத்தது அருகிலிருக்கும் திருநாதர்குன்று. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். 57 நாள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. அதை எந்த டிஃபால்ட்டும் காட்டாது. சம்மணமிட்ட சிலையைக் கண்டாலே புத்தர் என்று எழுதிவிட்டுப் போகிற பத்திரிகைக்காரர்களும் எங்களில் உண்டு. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் மேல்சித்தாமூரில்தான் இருக்கிறது. ஒரு நடை போய்க் கேட்கலாம்.

ஆயாவிடம் வருகிறேன். இரண்டாம் முறை ஸ்டூடியோக்காரரைக் கெஞ்சி கோட்டிங்கை நிறுத்தினேன். அப்போது மிஷினின் ஆட்டோ கரெக்‌ஷன் புகுந்து வெளுத்துவிட்டது. மூன்றாம் முறை நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் அணைத்து, நிழலை நிழலாக விட்டுப் போட்டேன். ஆயா படத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். "ம், நாந்தான்" என்று இடுப்புச் சுருக்குப்பையில் செருகிக்கொண்டார்.

கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையிலேயே கார்டைப் போட்டு, ஒரு கறுத்த மனிதரை ராவில் ஒரு படம் எடுங்கள். அதை உங்கள் கணினியில் திறந்து, டிஃபால்ட் என்று போட்டிருப்பதை எல்லாம் அணைத்துப் பாருங்கள். அணைக்க முடியவில்லை என்றாலும், திறக்கவே இல்லை என்றாலும், பெட்டியைக் கடைக்காரர் மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒரு பிரின்ட் கொடுக்க எனக்கு மேல்சித்தாமூருக்கு மூன்று நடை ஆனது.