பென்ஷன்தாரரும் பதவியேற்பும்

ரிட்டயர் ஆனதிலிருந்து ஒரு பதவியேற்பு விழாவையும் விடாமல் டி.வி.யில் பார்த்துவிடுகிறேன். வீட்டில் திட்டுகிறார்கள். என்ன செய்ய?

சவுண்டைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். அமைச்சர்கள் வாசிப்பதெல்லாம் அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் உள்ள அதே வாசகம்தான். பார்க்க வேண்டியது முகங்களை. 2014 செப்டம்பரில் ஓ.பன்னீர்செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டே முதல்வராகப் பதவியேற்றாரே, அதற்குச் சவுண்டு எதற்கு?

ரகசியக் காப்புப் பிரமாணமும் எடுக்கிறார்கள். அப்புறம் அமைச்சரவை சமாசாரமெல்லாம் சாயங்காலமே செய்தியில் எப்படி வருகிறது?

நீங்கள் சர்வீஸில் இருந்தபோது டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் கான்ஃபிடென்ஷியல்தானே? அது கேன்டீனுக்கு எப்படி வந்தது?

பதவியேற்றதும் மணிக்கணக்கில் பேசும் தலைவர்களை என்ன செய்யலாம்?

அமெரிக்க ஜனாதிபதி வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1841 மார்ச் மாதக் குளிரில், மேல்கோட்டு கூடப் போடாமல் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பேசினார். சரியாக ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். குளிர்தான் காரணமா, குடிநீரா என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. கேட்டவர்கள் பிழைத்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

ராத்திரி விவாத நிகழ்ச்சி பார்த்தால் பி.பி. எகிறுகிறதே?

காலையில் பேப்பர் படியுங்கள். அச்சில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்த முடியாது. விவாதத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.