உண்ணி வந்த கதை

உண்ணிச்செடி பிடுங்க முதுமலைக்குப் போனோம். தன்னார்வலர்கள் பன்னிரண்டு பேர். கொடுத்த கையுறைகளில் பாதிக்கு மேல் இடது கைக்கானவை.

இந்தச் செடி திருட்டுத்தனமாக நுழைந்ததல்ல; வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக வரவழைக்கப்பட்டது. தென்னமெரிக்காவில் சிவனே என்று கிடந்ததை டச்சுக்காரர்கள் ஐரோப்பாவுக்குத் தூக்கிப் போனார்கள். 1809 வாக்கில் அது கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வந்து இறங்கியது. துரைசானிகளுக்குப் பிடித்துப்போனது. ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஸும். ஆடுமாடு வாய்வைக்காத இலை. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாத குணம். பங்களா வேலிக்கு வேறென்ன வேண்டும்? இதே நற்குணங்களோடு காட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்று துரை யோசிக்கவில்லை. சின்னான் குருவியும் யோசிக்கவில்லை. பழத்தைத் தின்றது, வேலிக்கு அப்பால் பறந்துபோய் எச்சமிட்டது.

கம்பெனி போய் மகாராணி வந்து, அந்த ஆட்சியும் மூட்டை கட்டியாயிற்று. உண்ணி கிளம்பவில்லை.

நடுவில் ஒரு வீரப்பிரதாபம். 1941-இல் உண்ணியைத் தின்னும் பூச்சி ஒன்றை ஆஸ்திரேலியாவிலிருந்து டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துக்கு வரவழைத்தார்கள். அடைத்துவைத்துப் பார்த்தால், அது தேக்குப் பூவையும் ருசி பார்த்தது. தேக்கு என்றால் காசாயிற்றே! உடனே மரண தண்டனை. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் செத்துப்போன பூச்சி வெளியே உலாவிக்கொண்டிருந்தது. சரி, தப்பித்ததாவது உண்ணியை ஒழித்ததா? ஒழித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக நான் ஏன் குனிந்து நிற்கிறேன்?

மேலோடு வெட்டினால் மறுபடி தளிர்க்கும். மண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். நான் ஒன்றோடு மல்லுக்கட்டுவதற்குள் கூட வந்த குறும்பர் பெரியவர் பத்தைக் கவிழ்த்துவிட்டார். “சார், செடிய வையாதீங்க, வேர வெட்டுங்க” என்றார். சாயங்காலம் கணுக்காலில் இன்னொரு உண்ணி ஒட்டியிருந்தது. அது இரத்தம் குடிக்கும் ஜாதி.

வந்த வழியே உண்ணிச்செடியைத் திருப்பியனுப்பிய பெருமை கூடலூர்ப் பக்கத்துப் பணியர், பெட்டக் குறும்பர், காட்டுநாயக்கரைச் சேரும். உண்ணிக் குச்சியை வேகவைத்து, பட்டை உரித்து, வளைத்து, நிஜ யானை அளவுக்கு யானைகள் செய்தார்கள். 2021-இல் அந்தக் கூட்டம் லண்டன் கிரீன் பார்க்கில் போய் நின்றது. துரைமாரின் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பும் வேனில் பக்கத்து சீட் அக்கா மடியில் ஈரச் செய்தித்தாள் சுற்றிய ஒரு குச்சி. என்னவென்று கேட்டேன்.

“பால்கனி தொட்டிக்குப்பா. பூ எவ்ளோ அழகா இருக்கு பாரு!”